இரண்டு மணி நேரம்

சிமென்ட்டைத் தண்ணீர் தொட்டுவிட்டால் அப்புறம் அது யாருக்காகவும் காத்திருக்காது. வண்டியில் ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கலவையை இறக்கிவிட வேண்டும் என்கிறது ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4926. மழைக்காலத்தில் செம்பூரிலிருந்து சயான் வழியாக மிக்சர் வண்டி கிளம்பினால், அங்கே தேங்கும் தண்ணீரை நினைத்தே எனக்கு வயிற்றைக் கலக்கும். 6 கன மீட்டர் கலவை, 14 டன்னுக்கு மேல் எடை. டிரம்முக்குள் இறுகிவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்பா காலத்தில் இந்தக் கவலை இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த மேஸ்திரி அவர். கட்டடத்தின் அடியிலேயே மிக்சர் மெஷின் ஓடும். சித்தாள் பெண்கள் வரிசையாக நின்று பாண்டுகளைக் கை மாற்றி மேலே அனுப்புவார்கள். ஜூன் மாதத்தில் மணலை ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்ப்பார் அப்பா. "ரெண்டு டப்பா தண்ணி குறைடா" என்பார்.

மணலில் உள்ள ஈரத்தைக் கழித்துக்கொண்டுதான் கலவைத் தண்ணீரைக் கணக்கிட வேண்டும் என்று பிற்பாடு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இதைத்தானே அவர் செய்தார் என்று பெருமையாக இருந்தது. தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து ரயில் பாதையைத் தாண்டிப் போனால் வி.ஜே.டி.ஐ. 1887இல் தொடங்கி, 1923இல் மாட்டுங்காவுக்கு வந்த கல்லூரி. எங்கள் மேஸ்திரிகள் அந்தச் சுவரை ஒட்டி நடந்து வேலைக்குப் போனவர்கள்தான்.

நான் படித்தது சிவில் டிப்ளமோ. கான்கிரீட் தொழில் நிர்வாகத்தையே தனிப் பட்டப்படிப்பாக மிடில் டென்னஸி ஸ்டேட் பல்கலைக்கழகம் 1996இல் அமெரிக்காவில் தொடங்கியது என்பது ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கலவையின் அறிவியலோடு கணக்கு, ஒப்பந்தம், விற்பனை, ஆட்களை நடத்துவது எல்லாம் அதில் பாடம். நமக்கு டிப்ளமோவோ பி.இ.யோ முடித்து, முடிந்தால் நிக்மார் மாதிரி இடத்தில் கட்டுமான நிர்வாகம் படித்து, மிச்சத்தைப் பிளான்ட்டில் பொறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலை எத்தனை விதம் என்பதும் அங்கேதான் தெரியும். க்யூப் போட்டு 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்க்கும் தரக் கட்டுப்பாடு, கலவையில் சேர்க்கும் ரசாயனங்களை (அட்மிக்ஸ்சர்) விற்கும் கம்பெனிகளின் தொழில்நுட்ப விற்பனை, மெட்ரோவுக்கும் மேம்பாலத்துக்கும் வார்த்துக் கொடுக்கும் பிரீகாஸ்ட் யார்டு. என்னைக் கேட்டால் டிஸ்பாட்ச்தான் எல்லாவற்றிலும் கடினம். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்பவன் சிமென்ட்டையும் அறிந்திருக்க வேண்டும், மும்பை டிராஃபிக்கையும் அறிந்திருக்க வேண்டும்.

மறுபடி தண்ணீருக்கே வருகிறேன். கலவை இறுகுகிறதென்று சைட்டில் டிரம்முக்குள் பைப்பைத் திருப்பிவிடுவார்கள். பம்ப்பில் வழுக்கிக்கொண்டு போகும், பலம் குறையும். கடலோரக் காற்று படுகிற, கம்பி போட்ட கான்கிரீட்டின் தரம் எம் 30க்குக் குறையக் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் கூடினால் நுண்துளை கூடும். அதன் வழியே உப்பு கம்பியைத் தொடும். கம்பி துருவேறிப் பருத்து, மேலே மூடிய கான்கிரீட்டை வெடிக்கவைக்கும். செம்பூரின் பழைய கட்டடங்களில் பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பைப்பை மூடச் சொல்லும் அதிகாரத்துக்காகத்தான் படிக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அப்பாவுக்கு அறிவு இருந்தது. கான்ட்ராக்டர் "ஊத்து" என்றால் ஊற்றியாக வேண்டும். நான் சலானில் கையெழுத்துப் போடாமல் வண்டியைத் திருப்பி அனுப்ப முடிகிறது.

பம்ப் வந்ததும் பாண்டு தூக்கிய பெண்களின் வேலை போனது. கான்கிரீட் தொழிலின் நிர்வாகம் என்றால் அதுவும் அதில் ஒரு பாடமாக இருக்க வேண்டும். எங்கள் லேபில் ஆள் தேவைப்படும்போது, டிப்ளமோ முடித்த அவர்களுடைய மகள்கள் யாராவது இருக்கிறார்களா என்று தாராவியில்தான் முதலில் விசாரிக்கிறேன்.