ஏழரை போய் எட்டு வந்தது

2025 செப்டம்பர் 8 விடியற்காலையில் வந்த முழுச் சந்திர கிரகணத்தை உங்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள். நானும் ஒன்றரை மணி முதல் வாசலில் நின்று, சிறு தொலைநோக்கியில் வானியல் கேமராவைப் பொருத்தி, கொசுக்கடியோடு 140 படங்கள் எடுத்தேன்.

படங்கள் என் அக்காள் மகளுக்காக. சென்னையில் ஒருவர் எடுத்த படங்களும் அவளிடம் இருந்தன. ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களிலிருந்து பார்த்தால், நட்சத்திரங்களுக்கிடையே சந்திரன் சற்று விலகித் தெரியும். அதை அளந்தால் சந்திரனின் தூரம் கிடைத்துவிடும். ஆனால் நேரம் சரியாக இருக்கவேண்டும். சந்திரன் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ தன் அகலத்துக்கு நகர்ந்துவிடுமே!

இப்படங்கள் 'ஃபிட்ஸ்' என்ற வகை. ஒவ்வொன்றிலும் படத்துக்கு முன்னால் ஒரு தலைப்புப் பகுதி உண்டு. வரிக்கு 80 எழுத்து. தேதியும் நேரமும் அங்கேதான், உலகப் பொது நேரத்தில் இருக்கும். என் மடிக்கணினியோ நம் நேரத்தை எழுதிவிட்டது. எட்டு மணி நேரம் அதிகம்! 1982 பிறக்கும் வரை தீபகற்பத்தில் இந்த வித்தியாசம் ஏழரை மணிதான். ஏழரை நம்மை விட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். எங்கே போனது?

அக்காள் மகள் பைதானில் ஒரு சிறு நிரல் எழுதி அனுப்பினாள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும், ஒவ்வொரு படத்திலும் எட்டு மணி குறையும். 'இன்னது திருத்தப்பட்டது' என்று வரலாற்று வரி ஒன்றும் சேரும். தட்டினேன். பாதியில் மின்சாரம் போயிற்று. வந்ததும், நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, முதலிலிருந்து மறுபடி தட்டினேன். நகல் எதுவும் எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் தொலைபேசியில் அவள் குரல்: "மாமா, உங்க படத்துல கிரகணம் சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு நடக்குது. அப்ப நிலா உதிக்கவே இல்லையே!"

எனக்கு வியர்த்துவிட்டது. எந்தப் படத்தில் ஒருமுறை குறைந்தது, எதில் இருமுறை? அந்த வரலாற்று வரிகள்தாம் காப்பாற்றின. முதல் 60 படங்களில் இரண்டு வரிகள், மீதி 80இல் ஒன்று. அந்த அறுபதுக்கு மட்டும் எட்டு மணியைத் திரும்பக் கூட்டினாள். மூன்றாவது வரியும் ஏறியது.

"பார்க்க அசிங்கமா இருக்கு மாமா, மூணையும் அழிச்சிடவா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா," என்றேன்.