பந்தியில் அமரும் பழைய மனிதன்

தவக்காலம் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் பழக்கங்களைத் துறக்கும் பருவமும் பிறந்துவிடுகிறது. புகைப்பவர் புகையை நிறுத்துகிறார். குடிப்பவர் நாற்பது நாள் குடியை ஒதுக்கி வைக்கிறார். பல வீடுகளில் மீனும் இறைச்சியும் அடுப்பேறுவதில்லை. உயிர்ப்பு ஞாயிறு விடிந்ததும் இறைச்சிக் கடையில் கூட்டம் அலைமோதுகிறது. இதை ஏளனம் செய்வதற்காகச் சொல்லவில்லை. ஒருவர் நாற்பது நாள் குடியாமல் இருந்தால், அவருடைய மனைவிக்கு அந்த நாற்பது நாளும் உயிர்ப்பு நாள்களே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழக்கம் என்று நாம் பெயரிட்டு அறிந்திருப்பவற்றைத்தான் துறக்கிறோம். ஊரெல்லாம் பழகிப் போனதால் பழக்கம் என்றே தெரியாதவை நம்மோடு கோவிலுக்கு வந்து, நம்மோடு நற்கருணை வாங்கி, நம்மோடு வீடு திரும்புகின்றன.

கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில் புனித பவுல் பழைய மனிதனைக் களைந்துவிடச் சொல்கிறார். சினம், சீற்றம், பழிச்சொல், பொய் என்று அவர் அடுக்கும் குற்றங்கள் நம் மறையுரைகளில் அடிக்கடி ஒலிப்பவை. ஆனால் அடுத்த மூச்சிலேயே அவர் சொல்வது, புதிய மனிதரிடையே கிரேக்கர், யூதர் என்றும் அடிமை, உரிமைக்குடிமகன் என்றும் பாகுபாட்டுக்கு இடமே இல்லை என்பது. பவுலுக்கு இவை இரண்டும் தனித்தனிப் பாடங்கள் அல்ல. பொய்யும் பாகுபாடும் ஒரே பழைய ஆடையின் இழைகள். நாமோ முதற்பகுதியை வாசித்துவிட்டு ஏட்டை மூடிவிடுகிறோம்.

ஆடை என்பது பவுலின் உவமை மட்டுமன்று. தொடக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறுவோர் மேற்கு நோக்கி நின்று சாத்தானை மறுதலித்து, உடுத்தியிருந்த ஆடையைக் களைந்து தண்ணீருக்குள் இறங்கினர். கரையேறியபின் வெண்ணாடை அணிந்தனர். 4ஆம் நூற்றாண்டு எருசலேம் ஆயர் புனித சிரில் பெயரால் வழங்கும் மறைக்கல்வி உரைகள் இச்சடங்கை விளக்குகின்றன. துணியைக் களைய ஒரு நொடி போதும். வழக்கத்தைக் களைய? திருமுழுக்கில் பாவம் மன்னிக்கப்படுகிறது; எனினும் பாவத்தின் பக்கம் சாயும் நாட்டம் எஞ்சி நிற்கிறது என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1546இல் கற்பித்தது. அருளால் நற்பண்பைப் பெற்றவருக்கும் முந்தைய செயல்களின் தழும்பு இடையூறு செய்யும் என்கிறார் புனித தோமா அக்குவினார். குருமடத்தில் தேர்வுக்காகப் படித்த இந்த வரையறைகளுக்குப் பங்குப் பணியில்தான் பொருள் விளங்குகிறது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டாம். நம் பாட்டிமார் இராயப்பர் என்று அழைத்த பேதுருவே போதும். யோப்பா நகரில் மாடியில் கண்ட காட்சியால் அவர் மனம் திறந்தது. கொர்னேலியுவின் வீட்டுக்குள் நுழைந்தார். பிற இனத்தாருக்குத் திருமுழுக்கு அளிக்கப் பணித்தார். அவர்களோடு உண்டதற்காக எருசலேமில் விளக்கம் கேட்கப்பட்டபோது துணிந்து பேசினார். அதே பேதுரு அந்தியோக்கியாவில், யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், பிற இனத்தாரின் பந்தியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாவும் அவரோடு போனார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்ததைக் கலாத்தியர் திருமுகத்தின் 2ஆம் அதிகாரம் மறைக்கவில்லை. பேதுருவின் நம்பிக்கை மாறவில்லை என்பதைக் கருத வேண்டும். அவர் உட்கார்ந்த இடம் மட்டுமே மாறியது. ஊர்க்காரர் வரும்வரை அவர் புதிய மனிதர். வந்ததும் பழைய மனிதர். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்னும் அச்சம் தலைமைத் திருத்தூதரையும் விட்டுவைக்கவில்லை.

நம் மண்ணில் இந்த அச்சத்தைக் கடந்தவர் புனித தேவசகாயம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்தவர்; குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சியளித்த டச்சுத் தளபதி டி லனாயிடம் கிறித்துவைப் பற்றிக் கேட்டறிந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். மனத்துக்குள் நம்பிக்கொண்டு வெளியில் பழைய மதிப்போடு வாழ்ந்திருந்தால் ஒருவேளை அரண்மனை பொறுத்திருக்கும். அவரோ எல்லாரும் சமம் என்று போதித்தார். தாழ்த்தப்பட்டோராகக் கருதப்பட்டவர்களோடு வேறுபாடின்றிப் பழகினார். 1749இல் சிறைப்பட்டார், எருமை மீது ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, 'பிள்ளை' என்னும் சாதிப்பெயர் இன்றித் தேவசகாயம் என்றே அழைத்தார். உயிரோடிருந்தபோதே அவர் களைந்துவிட்ட ஆடையை அவருடைய பெயரிலிருந்து களைய நமக்கு 270 ஆண்டுகள் பிடித்தன.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில் பின்னாளில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம், கால்சட்டையின் இரு கால்களைப்போல் பிரிந்து ஒரே பீடத்தில் வந்து சேரும் இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. ஒரு கூடம் ஒரு சாராருக்கு, மற்றது மற்றவர்க்கு. இருபுறமும் ஒரே திருப்பலி, இடையே தடுப்பு. 1910இல் இயேசு சபைக் குரு கௌசானல் சுவாமிகள் அத்தடுப்பை அகற்றினார். அதை மீண்டும் வேண்டி வழக்குத் தொடுத்தார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், வெற்றி பெறவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று தீர்ப்பிட எனக்கு மனம் வரவில்லை. செபமாலை சொன்னவர்கள், நோன்பு காத்தவர்கள், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டியவர்கள். தங்களிடம் இருப்பது ஒரு பழக்கம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அதை உரிமை என்றே எண்ணினார்கள்.

நமக்கு மட்டும் தோன்றுகிறதா? சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் தடுப்புகள் இன்றும் நிற்கின்றன. கத்தோலிக்கருக்கான மணமகன், மணமகள் விளம்பரங்களைப் பாருங்கள்: முதற்சொல் கத்தோலிக்கர், அடுத்த சொல் எது என்று நான் எழுத வேண்டியதில்லை. திருமணம் பேச வருவோர் பங்குத்தந்தையிடம் முதலில் விசாரிப்பது பையனின் பக்தியை அன்று. நம் நாட்டுத் திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று. மருந்து கசக்கிறது.

ஆன்மிக வளர்ச்சியை அளக்கச் செபநேரத்தையும் திருப்பயணங்களையும் எண்ணுவோர் உண்டு. நான் திருவிழா அசனத்தின்போது பந்தலின் ஓரத்தில் நிற்பது வழக்கம். யார் அண்டாவின் அருகில் நிற்கிறார், யார் பரிமாறுகிறார், யார் எவர் பக்கத்தில் இலைபோட்டு உட்காருகிறார், யார் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார் என்பவற்றைப் பார்த்தால் போதும். ஆண்டுதோறும் தூக்குச் சட்டியோடு வந்து, சோறும் குழம்பும் வாங்கிச் சென்று தம் வீட்டுத் திண்ணையில் வைத்து உண்ணும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஒருநாளும் நான் காரணம் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. ஒரு திருவிழாவில் அவர் சட்டியில்லாமல் வந்தார். கடைசிப் பந்தியில், கீழத்தெரு இளைஞர்கள் இருவருக்கு இடையே இருந்த இடத்தில் உட்கார்ந்தார். ஆலய முற்றத்தில் நின்ற அவருடைய உறவினர் சிலர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அதைக் கவனித்தார். ஆயினும் எழவில்லை. பக்கத்திலிருந்த இளைஞன் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தான். அவர் எடுத்துக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.