அடுக்குமாடியில் ஒரு வாசல்

வீடு என்னும் சொல் 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. பகலெல்லாம் உழைத்தவர் தம் சுமைகளை விடும் இடமே வீடு. பற்றுகளை விட்டு அடையும் பேற்றுக்கும் முன்னோர் அப்பெயரையே வைத்தனர். கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் வாழும் தமிழருக்கு அவர்தம் இல்லம் அப்பெயருக்கேற்ற ஆறுதலைத் தருகின்றதா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

கோலாலம்பூரில் 1881ஆம் ஆண்டு மூண்ட பெருந்தீயில் அத்தாப்புக் கூரை வேய்ந்த வீடுகள் வெந்தழிந்தன. பின்னர்ச் செங்கல் வீடுகள் எழலாயின. அச்செங்கல்லைச் சுட்டுத் தந்த சூளைகளே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயருக்குக் காரணமாயின. அங்கே இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் தோன்றின; தோட்டப்புறங்களில் லயங்கள் நின்றன. லயத்து வீடு சிறியது. ஒழுகும் கூரையும் பொதுக்குழாயும் அதன் குறைகள். ஆயினும் வாசலில் கால் வைத்தால் மண் இருந்தது. கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் தழைத்தன.

நகரம் வளர வளர நிலம் அருகியது; வீடுகள் வானோக்கி உயர்ந்தன. 1960களில் பெக்கெலிலிங் சாலையில், ஆலையில் வார்த்த சுவர்களைப் பொருத்தும் டென்மார்க்கு நாட்டு முறைப்படி 17 மாடிக் கட்டடங்கள் எழுந்தன. அவை இன்று இல்லை. 1995இல் தொடங்கிய புத்ராஜெயா கட்டுமானத்தால் பிராங் புசார் முதலிய தோட்டங்களின் மக்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். புறம்போக்கு நிலங்களில் வாழ்ந்தோருக்கு மக்கள் வீடமைப்புத் திட்டம், 3 அறைகள் கொண்ட ஏறத்தாழ 700 சதுர அடி வீட்டை மாதம் 124 வெள்ளி வாடகைக்கு வழங்கியது.

இம்மாற்றத்தைக் குறையென்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது. குழாயடியில் குடத்துடன் காத்திருந்த தாய்க்கு வீட்டினுள்ளேயே நீர் வந்தது; கழிவறையும் உள்ளேயே அமைந்தது. கதவைத் தாழிட்டுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவி தனியறையின் அருமையை அறிவாள். ஆற்றோரக் குடிசையில் மழைக்கு அஞ்சி விழித்திருந்த முதியவர் நான்காம் மாடியில் கவலையின்றி உறங்குகின்றார்.

எனினும், சதுர அடியால் அளக்க இயலாத குறைகளும் உள. தாளிக்கும் புகை வெளியேற வழியின்றிக் கூடத்தில் சூழ்கின்றது. உரலில் இடித்தால் கீழ்வீட்டார் முகம் சுளிக்கின்றனர். விடியலில் இட்ட கோலம் பொது நடைபாதையில் பலர் காலடியில் கலைகின்றது. பொங்கலன்று பானை வைக்க இடம் தேடிக் குடும்பமே கீழே இறங்குகின்றது. மின்தூக்கி பழுதுற்ற நாள்களில், முழங்கால் நோவுற்ற பாட்டிக்குப் பத்தாம் மாடி சிறையாகி விடுகின்றது.

இவை யாவும் பொறுக்கத் தக்கவை. பொறுக்க இயலாத துயர் ஒன்றுண்டு. மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் ஒருவர் இறந்தால், அவர்தம் பெட்டியைக் குறுகிய படிக்கட்டுகளில் சாய்த்தும் நிமிர்த்தியும் இறக்க வேண்டியுள்ளது. வாழ்நாளெல்லாம் அவ்வீட்டிற்காக உழைத்தவரை அவ்வீடே கண்ணியமாக வழியனுப்ப இயலாமற் போகின்றது. பெற்ற மக்கள் அந்நேரம் உணரும் நாணத்தை எந்த வரைபடமும் காட்டாது. வீடமைப்போர் பிறப்பையும் மணத்தையும் மரணத்தையும் எண்ணிப் படிக்கட்டின் அகலத்தை முடிவு செய்தல் வேண்டும்.

குடியிருப்போருக்கும் கடமை உண்டு. வீட்டை விலைக்கு வாங்கியோர் கூடித் தம் கட்டடத்தைத் தாமே நிருவகிக்க 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிருவாகச் சட்டம் வழி செய்கின்றது. பராமரிப்புக் கட்டணத்தைப் பலர் செலுத்தாவிடின் மின்தூக்கி நிற்கும், விளக்கு அணையும். தோட்டத்தில் நிருவாகத்தை எதிர்பார்த்து நின்ற பழக்கம் இங்கு உதவாது. கூட்டத்திற்குச் செல்வோரே குறையைக் கூறவும் தீர்க்கவும் இயலும்.

சில மாடிகளில் நல்ல காட்சிகளும் உள. உடைந்த வாளியில் கறிவேப்பிலைச் செடி தளிர்க்கின்றது. அதன் கொழுந்தை அண்டை வீட்டு மலாய்த் தாயும் சீன மூதாட்டியும் உரிமையுடன் கிள்ளிச் செல்கின்றனர். பாட்டிக்கு அரிசி வாங்கிவரும் இளைஞன் பத்து மாடி ஏறியும் சலிப்பதில்லை. மண் வாசலை இழந்த மக்கள் மனிதரால் ஆன வாசல் ஒன்றை அமைத்துக் கொள்கின்றனர். அவ்வாசல் அமைந்த இடத்தில், அடுக்குமாடியும் வீடாகின்றது.