சிரித்தால் சுருதி போய்விடும்!

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி நடக்கும்போது மேடையின் பின்வரிசையைப் பார்த்தால், மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். டிராம்போன்காரர்கள். முதல் பகுதி முடியும், இரண்டாவது முடியும், மூன்றாவதும் முடியும். வாத்தியம் மடியிலேயே கிடக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருந்து, நான்காவது பகுதியில்தான் அதை வாயில் வைப்பார்கள். 1808-ல் வியன்னாவில் அந்த சிம்பொனி அரங்கேறிய நாளிலிருந்து இதே கதைதான். டியூபாக்காரர் பாடு இன்னும் மோசம். துவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனி முக்கால் மணி நேரம் போகும். அதில் டியூபாவுக்கு 14 ஸ்வரங்கள். கல்யாணத்துக்குப் போய் தாம்பூலப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவது மாதிரி.

இப்படிப் பின்வரிசையில் காத்திருப்பதற்கென்றே படித்துக்கொண்டிருந்த ஏழு இளைஞர்கள், 1992-ல் அதே வியன்னாவில் ஒன்று சேர்ந்தார்கள். இசைக் கல்லூரிக்கு எதிரே யோசஃப் ம்னோஸில் என்பவர் நடத்திய சாப்பாட்டுக் கடைதான் அவர்கள் கூடிய இடம். பித்தளை வாத்திய மாணவர்கள் அங்கே வருவதும், சாப்பிடுவதும், வாசிப்பதும் வழக்கம். குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் பெயரையே வைத்துவிட்டார்கள்: ம்னோஸில் பிராஸ்.

மூன்று ட்ரம்பெட், மூன்று டிராம்போன், ஒரு டியூபா. வயலின் இல்லை, பியானோ இல்லை, குச்சியை ஆட்டும் கண்டக்டரும் இல்லை. எதிரே நோட்டுத் தாளும் கிடையாது. மொத்தக் கச்சேரியும் மனப்பாடம். கைகால்கள் நாடகத்துக்குத் தேவைப்படும்போது தாள் வைக்கும் ஸ்டாண்டுக்கு எங்கே இடம்? நடக்கிறார்கள், ஆடுகிறார்கள், ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ரோஸினியும் வருகிறார், சினிமா இசையும் வருகிறது, பாப் பாட்டும் வருகிறது. ஊர்வலத்தில் கீர்த்தனையையும் சினிமாப் பாட்டையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டுப் போகும் நம்மூர் பேண்டு வாத்தியக்காரர்களுக்கு இந்தக் கலவை ஒன்றும் அதிசயமாக இருக்காது.

அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மேடையில் இருக்கும் ஏழு பேரும் சிரிப்பதில்லை. கல்லுளிமங்கன் மாதிரி நிற்பார்கள். இதை நடிப்பு உத்தி என்று நினைத்தால் அது பாதிதான் சரி. மீதிப் பாதி உதட்டில் இருக்கிறது.

நாகஸ்வரத்தில் சீவாளி அதிர்ந்து ஒலி பிறக்கிறது. ட்ரம்பெட்டிலும் டிராம்போனிலும் சீவாளியே கிடையாது. வாசிப்பவரின் இரண்டு உதடுகள்தான் சீவாளி. அவை இறுகி, சரியான அளவில் சேர்ந்து, ஊதும் காற்றில் அதிர வேண்டும். உச்ச ஸ்தாயிக்குப் போகப் போக இறுக்கம் கூட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு புன்னகை எட்டிப் பார்த்தால் போதும், உதட்டோரம் இழுபடும், காற்று கசியும், ஸ்வரம் உடையும். வயலினில் ஒரு பிசிறு தட்டினால் முன்வரிசைக்காரருக்கு மட்டும் கேட்கலாம். ட்ரம்பெட் பிசகினால் வாசலில் செருப்பு விட்டுக்கொண்டிருப்பவருக்கும் கேட்கும்!

நாகஸ்வர வித்வானின் எதிரே உட்கார்ந்து புளியம்பழத்தைச் சப்புக் கொட்டித் தின்று காட்டும் வாண்டுகளின் கதை நமக்குத் தெரியும். ஐரோப்பாவில் அதே குறும்பை எலுமிச்சம்பழத்தை வைத்துச் சொல்வார்கள். ஊர் வேறானாலும் வாயில் ஊறும் நீர் ஒன்றுதானே. அங்கே வாண்டுகள் எதிரே உட்கார்ந்து செய்கிற விஷமத்தை, இந்த ஏழு பேரும் பக்கத்திலேயே நின்று ஒருவருக்கொருவர் செய்துகொள்கிறார்கள். கூட வாசிப்பவர் கோமாளித்தனம் செய்யும்போது, சிரிக்காமல், மூச்சு தவறாமல், இசையில் தன் பங்கை விடாமல் கொண்டுபோக வேண்டும். இதற்குக் கண்டிப்பான கச்சேரியே எவ்வளவோ தேவலை.

எல்லாத் துணுக்கும் சிரிப்பு வரவழைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வேடிக்கைகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. ஆனால் அப்படி நீளும்போதுகூட இசை தொய்வதில்லை. குயீன் குழுவின் 1975-ஆம் வருடத்து 'பொஹீமியன் ராப்சடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பாட்டாகத் தொடங்கி, நடுவே ஆபராவாகி, பிறகு ராக் இசையாக வெடித்து, கடைசியில் அடங்கும் பாட்டு அது. ஆபராவைக் கேலி செய்கிற மாதிரியும் இருக்கும், ஆசையோடு கும்பிடுகிற மாதிரியும் இருக்கும். இவர்கள் கையில் அது தன் சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததுபோல் ஒலிக்கிறது. வாக்னரின் 200-வது பிறந்த ஆண்டான 2013-ல், அவரையே மையமாக வைத்து 'ஹோயோட்டோஹோ' என்று ஒரு முழு நிகழ்ச்சியும் செய்தார்கள். பித்தளை வாத்தியங்களுக்கு வாரி வாரிக் கொடுத்தவர் வாக்னர். கிண்டல் பண்ணவும் உரிமை வேண்டுமல்லவா!

சங்கீதத்தை இப்படி விளையாட்டாக்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் மொட்ஸார்ட்டிடம்தான் முதலில் சண்டைக்குப் போக வேண்டும். 1787-ல் அவர் 'இசை விகடம்' என்றே பெயர் வைத்து ஒன்று எழுதினார். தந்தி வாத்தியங்களோடு இரண்டு ஹார்ன். அரைகுறையாக இசையமைப்பவர்களை நையாண்டி செய்ய, ஹார்ன்காரர்கள் வேண்டுமென்றே அபஸ்வரம் வாசிக்கும்படி எழுதிவைத்தார். ஹார்ன் வித்வான் லாய்ட்கெப் அவருடைய நெருங்கிய சிநேகிதர்; அவருக்காக எழுதிய இசைப் பிரதிகளிலேயே அவரைக் கழுதை என்ற ரீதியில் சீண்டியிருக்கிறார் மொட்ஸார்ட். அந்தப் பிரதிகளைத்தான் இன்று உலகமெங்கும் பயபக்தியோடு வாசிக்கிறார்கள்.

அந்த மொட்ஸார்ட் ஹார்ன் கச்சேரிகளை இசைத்தட்டில் பதிவு செய்து பெரும் புகழ் பெற்றவர் இங்கிலாந்தின் டென்னிஸ் பிரெய்ன். 1956 நவம்பரில் கேலிச்சித்திரக்காரர் ஜெரார்ட் ஹாஃப்நுங், லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஒரு விகட இசை விழா நடத்தினார். வாக்குவம் க்ளீனர்களுக்கு இசையமைத்துக்கூட வாசித்த விழா அது. அங்கே பிரெய்ன், மொட்ஸார்ட்டின் அப்பா லியோபோல்டு எழுதிய இசையைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் வாசித்துக் காட்டினார். சுருதி சேர்ப்பதற்காகச் செடி வெட்டும் கத்தரியால் குழாயைக் கத்தரித்தாராம்! ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் குழாயிலிருந்து வந்தது சங்கீதம். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1957 செப்டம்பர் 1-ஆம் தேதி எடின்பரோவில் கச்சேரி முடித்து இரவோடு இரவாகக் கார் ஓட்டிவந்தவர் விபத்தில் இறந்துபோனார். வயது 36. கண்டிப்பான ரசிகர்கள்கூட அவர் பெயரைச் சொன்னதும் அந்த ரப்பர் குழாயையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறார்கள்.

ம்னோஸில் பிராஸின் நிகழ்ச்சிகளில் பலருக்கும் மறக்க முடியாதது, பால் ஆங்கா பாடிய 'லோன்லி பாய்' என்ற பழைய பாட்டு. டிராம்போன்காரர் லியோன்ஹார்ட் பால் நடுவில் நாற்காலி போட்டு உட்காருகிறார். வெறுங்கால். பக்கத்துக்கு இரண்டு பேராக வந்து சேர்கிறார்கள். இரண்டு ட்ரம்பெட், இரண்டு டிராம்போன். ஊதுவது அவர்கள் நாலு பேர். இயக்குவது இவர் ஒருவர். வலது கை ஒரு ட்ரம்பெட்டின் பொத்தான்களை அழுத்துகிறது, இடது கை இன்னொன்றை. கால்கள் இரண்டும் ஆளுக்கொரு டிராம்போன் குழாயை முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. டிராம்போனில் எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்று கோடு போட்டு வைத்திருக்கமாட்டார்கள். ஓர் அங்குலம் தள்ளிப்போனாலும் அபஸ்வரம். கையால் அந்த இடத்தைப் பிடிக்கவே பல வருடச் சாதகம் வேண்டும். இவர் கால் விரலால் பிடிக்கிறார்.

நாலு பேரும் தங்கள் உதட்டை மட்டும் நம்பி, விரலை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊதுகிறார்கள். யார் தப்பு செய்தாலும் ஐந்து பேரும் மாட்டிக்கொள்வார்கள். பாட்டு சுத்தமாக, சோகமாக வருகிறது. தனிமையில் தவிக்கும் ஒரு பையனின் பாட்டு அது. அரங்கத்தில் முதலில் கொல்லென்று சிரிப்பு. பிறகு யாரும் இருமுவதுகூட இல்லை.