தாத்தாவின் சி.டி.யும் 1.7 என்ற எண்ணும்

கூடுவாஞ்சேரி வீட்டு அலமாரியை ஒழித்தபோது தாத்தாவின் சி.டி. ஒன்று கிடைத்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற பிறகு, 2002-ல் அவரே உட்கார்ந்து டைப் செய்த ஊர்க்கதை. ஏரி நிரம்பிய வருடங்கள், தாம்பரம் தாண்டினால் வயலாகவே இருந்த காலம், பாட்டியைப் பெண் பார்க்கப் போனது... எல்லாம் அதில் இருக்கிறது என்பார். தாத்தா இப்போது இல்லை.

ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவுக்கு மாற்றி வந்து திறந்தேன். ஒரு வரிகூடத் தமிழ் இல்லை. தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்றன. "அவ்ளோதானாம்மா?" என்றார் அப்பா.

டிஜிட்டல் பிரிவில் வேலை பார்ப்பதால் எனக்குக் காரணம் புரிந்தது. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்ல ஓர் அட்டவணை வேண்டும். அந்தக் காலத்தில் தமிழுக்குப் பல அட்டவணைகள். பல நாட்டுத் தமிழர்கள் இணையத்தில் பேசி உருவாக்கிய டிஸ்கி, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாம், டாப், இலங்கையில் பரவலான பாமினி. டிஸ்கியிலேயே 1.6, 1.7 என்று பதிப்புகள். எதில் டைப் செய்தது என்று தெரியாவிட்டால், சாவி தொலைந்த பூட்டுதான்.

சி.டி. உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. தாத்தாவின் கையெழுத்து: 'டிஸ்கி 1.7. இரண்டாம் முறை திருத்தியது. மாற்றம்: ஆறாம் பக்கம். பழையதும் உள்ளது.'

அந்த எண் போதுமாக இருந்தது. எழுத்துரு மாற்றியில் போட்டதும் தாத்தா தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். அப்பா இரண்டு ஃபைல்களின் ஆறாம் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். பழையதில், பாகப்பிரிவினையில் அண்ணன் தன்னை ஏமாற்றியதாக ஒரு முழுப் பத்தி. புதியதில் அது இல்லை. "அண்ணன் தூக்கி வளர்த்த கை இது" என்ற ஒரே வரி இருந்தது. அப்பா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. புதியது மட்டும் கிடைத்திருந்தால், தாத்தா மனதை மாற்றிக்கொண்டது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

இன்று நம் போன்களில் இருப்பது யூனிகோடு. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. 2005-ல் 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்தும் தமிழ்ப் பூஜ்ஜியமும் சேர்ந்தன. 2008-ல் 5.1 பதிப்பில் ௐ வந்தது. 2019-ல் 12.0 பதிப்பில் முந்திரி எனப்படும் 320-ல் ஒரு பங்கு உட்பட, பழைய பின்னங்களும் கணக்குக் குறிகளுமாக 51 சேர்ந்தன. இவற்றில் ஏதாவது உங்கள் போனில் வெறும் கட்டமாகத் தெரிந்தால், அந்த எழுத்து போனின் ஃபான்ட்டில் இல்லை என்று அர்த்தம்.

இத்தனை முறை மாறியும் பழைய யூனிகோடு ஃபைல்கள் ஏன் திறக்கின்றன? அதற்கு ஒரு விதி உண்டு. 1996-ல் 2.0 பதிப்பில் கொரிய எழுத்துத் தொகுதியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அதற்கு முன் டைப் செய்த கொரிய ஃபைல்களுக்குப் புது அட்டவணை பொருந்தவில்லை. அதன்பின், புதிய எழுத்தைச் சேர்க்கலாம், இருப்பதை நீக்கவோ இடம் மாற்றவோ கூடாது என்றானது. வைத்த பெயரையும் மாற்ற முடியாது. நம் ஆய்த எழுத்தான ஃ, யூனிகோடில் 'விசர்கா' என்றே பதிவாகியிருக்கிறது. பொருந்தாத பெயர்தான். அதை அழிக்காமல், பக்கத்தில் 'ஆய்தம்' என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பழைய பதிப்புகளும், எதில் என்ன மாறியது என்ற பட்டியலும் இணையத்தில் அப்படியே இருக்கின்றன.

எங்கள் தெருவில் எந்நேரமும் ஒரு வீடு எழும்புகிறது. வரைபடத்தின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எத்தனையாவது திருத்தம், என்ன தேதி, என்ன மாற்றம் என்று அதில் எழுதுவார்கள். மேஸ்திரி கையில் பழைய தாள் இருந்தால், ஜன்னல் வர வேண்டிய இடத்தில் சுவர் வந்துவிடும்.

நம் வீட்டு ஃபைல்களுக்கும் இது பொருந்தும். பத்திர நகல், வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பயோடேட்டா எதுவானாலும் 'ஃபைனல்', 'புது ஃபைனல்' என்று பெயர் வைக்காதீர்கள். எண், தேதி, மாற்றம் மூன்றையும் எழுதுங்கள். பழையதை ஒரு ஓரமாக விட்டு வையுங்கள். அது இடத்தை அடைக்காது.