துப்பாக்கி வைத்திருப்பவர்தான் முதலில் விலக வேண்டும்

நேரு வீதியில் ஏடிஎம்முக்குப் பணம் நிரப்ப வந்த வேன் வழியை அடைத்து நின்றது. பின்னால் பைக்கில் வந்த பையன் ஹாரனை விடாமல் அடித்தான். பிறகு, காவலுக்கு நின்ற பெரியவரை வாய்க்கு வந்தபடி ஏசினான். அவர் கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி. குழல் தரையைப் பார்த்தே இருந்தது, விரல் விசைப்பக்கம் போகவே இல்லை. "ரெண்டே நிமிஷம் தம்பி, எடுத்துருவாங்க" என்றார். அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

எல்லாத் துப்பாக்கிக்காரரிடமும் அந்தப் பொறுமை இருப்பதில்லை. 1999 ஏப்ரலில் தில்லியில் ஜெசிகா லால் என்ற பெண் செத்தது எதற்காக? நேரமாகிவிட்டது, மது தர முடியாது என்று சொன்னதற்காக. சுட்ட மனு சர்மாவின் பெயரில் கைத்துப்பாக்கி உரிமம் இருந்தது. அவருக்கு விதித்த ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2010இல் உறுதி செய்தது. போன உயிர் போனதுதான்.

பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துக் காட்டி மிரட்டுவதையே 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தடை செய்கின்றன. மீறினால் வழக்கு வரும், உரிமமும் ரத்தாகலாம். தேர்தல் சமயத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், சூடு ஏறும் காலம் என்று. பார்க்கிங் தகராறிலும் பார் வாசலிலும் ஏறாத சூடா?

வெறுங்கையோடு இருப்பவன் கத்தினால் தொண்டைதான் கட்டும். ஆயுதம் வைத்திருப்பவர் கத்தினாலே எதிரில் நிற்பவனுக்கு உயிர்பயம். ஆகவே உரிமம் வைத்திருக்கும் நண்பர்களே, கடைக்கும் கல்யாணத்துக்கும் போகும்போது அதை வீட்டிலேயே பூட்டி வையுங்கள். கொண்டுபோயே ஆகவேண்டுமென்றால், தகராறில் நீங்களே முதலில் விலகிப் போங்கள்.