எருக்கத்தம்புலியூர்ப் பெண்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடக் கேட்டு வளர்ந்தவன் நான். கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் பதிகம் பாடியபடியே கரையேறிய ஊர் இது என்பதை இங்கே பிள்ளைகளுக்குக் கதையாகவே சொல்லிவிடுவார்கள். பாட்டு யாருடையது என்று தெரியும். மெட்டு? ஏழாம் நூற்றாண்டுப் பாட்டை இந்தப் பண்ணில்தான் பாட வேண்டும் என்று யார் வகுத்தது? ஓதுவாரிடமே கேட்டேன்.

"ஏடு தில்லையில கெடச்சது தம்பி. பண்ணு அங்க கெடைக்கல. அதுக்கு எருக்கத்தம்புலியூருக்குல்ல போகணும்" என்றார்.

அவர் சொன்னது திருமுறைகண்ட புராணக் கதை. உமாபதி சிவம் பெயரில் வழங்கும் நூல் அது. பதிகங்களைத் தேடிய சோழ மன்னனுக்குத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி வழிகாட்டுகிறார். தில்லை என்னும் சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறை. திறந்தால் ஏடுகளைக் கரையான் மூடிக் கிடக்கிறது. எண்ணெய் சொரிந்து, அரித்தது போக மிஞ்சியதை எடுக்கிறார்கள். சொல் கிடைத்துவிட்டது, பாடும் முறை தெரியவில்லை. ஞானசம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்துத் தில்லைக்கு அழைத்து வருகிறார்கள். அவள் பாடப் பாட, பண்ணுக்கு இத்தனை கட்டளை, அதாவது பாடும் அமைப்பு, என்று வகுக்கிறார்கள்.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் சாலையில் திருநாரையூர். பொல்லாப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, ஸ்ரீமுஷ்ணம் வழியாக மேற்கே போனேன். எருக்கத்தம்புலியூருக்கு இன்று இராஜேந்திரப்பட்டினம் என்று பெயர். விருத்தாசலம் பக்கத்துச் சிற்றூர். தலமரம் வெள்ளெருக்கு. யாழ்ப்பாணர் பிறந்த ஊர் என்பதால் நாயன்மார் ஊர்களின் வரிசையில் இதற்கு இடமுண்டு. அந்தப் பெண்ணின் பெயரைத்தான் புராணம் சொல்லவில்லை. பாணர் குலத்தவள், அவ்வளவே.

புராணம் சொல்வதை அப்படியே ஏற்க முடியுமா? அந்த மன்னன் முதலாம் இராசராசன் என்பது பெருவழக்கு. புராணமோ அவனுக்கு முந்நூறு ஆண்டு பிந்தியது. திருவல்லத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் பாடுவாருக்குக் கொடை வைத்ததைச் சொல்கிறது. தில்லை அறை திறக்கும் முன்பே கோயில்களில் பதிகம் ஒலித்திருக்கிறது என்றால், பண் முழுக்க மறைந்துபோயிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இந்தக் கதையை நான் விடமாட்டேன். பூட்டி வைத்த ஏட்டைக் கரையான் தின்றது, பாடிக்கொண்டிருந்த குடும்பத்தில் பண் பிழைத்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறதே! அரசனும் அந்தணரும் நம்பியும் ஒரு பாணர் வீட்டுப் பெண்ணிடம் காது கொடுத்து நின்றதைச் சைவ நூலே பதிந்து வைத்திருக்கிறது. அதன் பிறகுதான் மற்றவை. தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் பாட நாற்பத்தெட்டுப் பேர், உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் ஒவ்வொருவர் என ஐம்பது பேரை இராசராசன் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல்.

யாழுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. மீட்டும் கை அற்றுப்போனதும் கருவியும் போயிற்று. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஈழத்து விபுலானந்த அடிகள், நூல்களிலிருந்தும் கணக்கிலிருந்தும் அதன் வடிவையும் சுரங்களையும் தேட வேண்டியிருந்தது. 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது.

ஊர் திரும்பியதும் ஓதுவாரிடம் பாடம் கேட்கத் தொடங்கினேன். எழுதிக்கொள்ளவா என்றேன், "மொதல்ல பாடுங்க" என்றார். அவர் ஒரு அடி பாட, நான் திருப்பிப் பாடுகிறேன். பழம்பஞ்சுரம் சங்கராபரணம் என்றும், கௌசிகம் பைரவி என்றும் தெரிந்துகொள்வது எளிது. பாடும்போது, இழுக்கும் இடமும் நிறுத்தும் இடமும் வாய்க்குள் வந்து படியும்போது உண்டாகும் மகிழ்ச்சி வேறு. ஒரு பாட்டு சரியாக அமைந்த நாளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே பாடிக்கொண்டு வருகிறேன். இப்போது கொல்லிப் பண். அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் அதில்தான். இரண்டாம் பாட்டு வரை வந்திருக்கிறோம்.